சுவிட்சைப் போட்டது யார்?

அக்டோபர் 8, செவ்வாய்

சனிக்கிழமை மாதா சுரூபம் நம் வீட்டுக்கு வருகிறது. செபமாலை மாதம் முழுவதும் எங்கள் அன்பியத்தின், அதாவது தெருச் செபக் குழுவின், முப்பது வீடுகளுக்கும் நாளுக்கு ஒரு வீடாக மாதா போகிறாள். மாலையில் தெரு கூடும், செபமாலை சொல்லும், சுண்டல் தின்னும். மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். பக்தி என்று பெயர். உண்மையில் யார் வீட்டு ஜோடனை பெரிது என்ற போட்டி. நான் இந்தப் போட்டிகளில் கலந்துகொள்வதில்லை. ஜெயிப்பது வேறு விஷயம்.

எதிர்வீட்டு மிசஸ் ஃபுளோரா மச்சாடோ அன்பியத் தலைவி. நேற்று அவள் வீட்டில் மாதா. பச்சையும் சிவப்புமாக அணைந்து அணைந்து எரியும் சீரியல் லைட்டுகளுக்கு நடுவில், ஆடித் தள்ளுபடியில் நகைக்கடை வாசலில் நிற்கிறவள் போல நின்றாள் பரலோக இராக்கினி. ரசனையும் ஒரு புண்ணியம்தான் என்று எங்கள் கான்வென்டில் மதர் செலஸ்டின் சொல்வார்கள். மிசஸ் மச்சாடோ முனிசிபல் பள்ளியில் படித்தவள்.

நான் லூர்து மாதா குகையைப் போல ஒரு கெபி கட்டப்போகிறேன். பாறையிலிருந்து உண்மையாகவே தண்ணீர் ஓடும் கெபி. இந்தத் தெருவில் இதுவரை யாரும் செய்ததில்லை.

அக்டோபர் 10, வியாழன்

எலக்ட்ரீசியன் ராயப்பன் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி எட்டே முக்காலுக்கு வந்தான். பழுப்புக் காகிதத்தைப் பசையில் நனைத்துக் கசக்கிப் பாறை செய்தான். அடியில் பிளாஸ்டிக் தொட்டி. மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டார் ஒன்றை உள்ளே மறைத்தான். ஒரு தடவை போட்டுக் காட்டினான். தண்ணீர் பாறை வழியே இறங்கி மாதாவின் பாதம் வரப்போகும் இடத்தில் விழுந்தது. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன்.

போகும்போது வயரைப் பற்றி ஏதோ நீளமாகச் சொன்னான். இந்த ஆட்களுக்குத் தங்கள் தொழில் ஒன்றுதான் உலகம். தலையாட்டி அனுப்பினேன். தரையில் பசை சிந்தியிருந்ததைச் சுட்டிக்காட்டித் துடைக்கச் சொன்னேன், துடைத்தான்.

அக்டோபர் 12, சனி, பகல்

ஒன்பது மணிக்கு மாதா வந்தாள். மிசஸ் மச்சாடோ கெபியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தண்ணி ஓடும்னியளே அக்கா, எங்க?” என்றாள். சாயங்காலம் பார் என்றேன். உதட்டின் ஒரு ஓரத்தால் மட்டும் சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு ஷெரின் குழந்தையை விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போகிறாள். ஷெரின் என் காலஞ்சென்ற தங்கை ரோசலிந்தின் மகள். அவள் புருஷன் ரெக்ஸ் கப்பலில். பையன் ஜோவனுக்கு மூன்றரை வயது. பொதுவாக நான் குழந்தைகளை வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை. ஜோவனை அனுமதிக்கக் காரணம், இந்தக் குடும்பத்திலேயே எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற ஒரே ஆள் அவன்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று அடக்கம் முடிந்தது.

மூன்றேகால் மணிக்கு நான் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போயிருந்த நேரத்தில் ஜோவன் கெபித் தொட்டியில் கை வைத்தான். மின்சாரம் தாக்கியது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். நடந்தது அவ்வளவுதான். இதற்குமேல் எழுத எதுவுமில்லை.

அடக்கத்தில் ஒழுங்கே இல்லை. பெட்டி மூன்றங்குலம் பெரிது. பிளாஸ்டிக் மலர்வளையங்கள் ஏழு எண்ணினேன். ஃபாதர் பிரசங்கத்தில் பிள்ளையின் பெயரை ஜோயல் என்று இரண்டு தடவை சொன்னார். முன்வரிசையிலிருந்து நான் திருத்தினேன். ஷெரின் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பார்வை என்ன பார்வை என்று எனக்குப் பிடிபடவில்லை.

அக்டோபர் 16, புதன்

சப்-இன்ஸ்பெக்டர் பேச்சிமுத்து வந்தார். நேரே என் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். கொழுந்தன் மகன் கிளாட்சன் என் பக்கத்தில் இருந்தான், அவன் வக்கீல்.

“சொல்லுங்க பாட்டிம்மா.”

“என் பெயர் மிசஸ் டெல்பின் கொரேரா.”

“சரிங்கம்மா. அந்தக் கெபிய வச்சது யாரு?”

“ராயப்பன்.”

“வயர் இழுத்தது?”

“ராயப்பன்.”

“மோட்டார் வாங்கியாந்தது?”

“ராயப்பன்.”

“அப்பம் எல்லாம் ராயப்பன்தான்.” நோட்டை மூடிவிட்டார். “மின்வாரியத்து ஆளும் பாத்தாச்சு. வயர்ல ஒட்டுப் போட்ட எடத்துல தண்ணி எறங்கியிருக்கு. கவனக்குறைவால மரணம். அவன் மேல எழுதிருதோம்.”

சுவிட்சைப் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று மதர் செலஸ்டின் சொல்வார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன்.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அதில் நான் ‘முதுமையின் காரணமாகக் கண்ணும் காதும் மங்கியவர்’. எதிர்வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரின் நம்பரை உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசித்துக் காட்ட வாயெடுத்தேன். கிளாட்சன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். கையெழுத்திட்டேன். பார்த்தவர், “பாட்டி கையெழுத்து அச்சடிச்சாப்பல இருக்கு” என்றார் கான்ஸ்டபிளிடம். என் காதுபடத்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

ராயப்பனை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்களாம். வயர்மேன் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்களாம். தெருவில் ஒரு வீடும் அவனைக் கூப்பிடுவதில்லை. முப்பது வீட்டிலும் அவன் மாட்டிய ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பதினொரு மணிக்கு மிசஸ் மச்சாடோ கஞ்சி கொண்டுவந்தாள். உப்பு அதிகம். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அன்னைக்கு மூணு மணிக்கு நான் ஒங்க வாசலுக்கு வந்தத யார்ட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லலைல்லா?”

“எதைச் சொல்ல?”

“அதான. நான் வரவே இல்ல.”

“நீ வரவே இல்லை.”

“அன்பியத் தலைவியப் போயி கோர்ட்டு படியேற வச்சா சபைக்கு நல்லாவா இருக்கும்? நான் அன்னேரம் தூங்கிட்டு இருந்தேன்.”

“தூங்கிக்கொண்டிருந்தாய்.”

எழுந்து கதவு வரை போனவள் திரும்பினாள். “ஆனா தண்ணி நல்லாத்தான் ஓடுச்சுக்கா. அசல் லூர்து மாதிரியே.”

அவள் வந்தாள் என்று நான் எங்கும் எழுதவில்லை. வரவில்லை என்று அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். குடிக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

இரண்டாம் பூசையில் ஃபாதர் மூன்று அறிவிப்புகள் வாசித்தார்.

ஒன்று: இனிமேல் மாதா போகும் வீடுகளில் மெழுகுதிரி மட்டுமே, மின்சார ஜோடனைக்குப் பங்குக் கோவில் பொறுப்பேற்காது, ஒவ்வொரு வீட்டாரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டு: சம்பவத்தின்போது சுரூபத்தின் இடது கைச் சுண்டுவிரலில் ஏற்பட்ட சேதம் உபகாரி ஒருவரால் சரிசெய்யப்பட்டது, அவருக்காகச் செபிப்போம். மூன்று: மறைந்த குழந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வியாழன் பூசை.

வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். மெழுகுதிரி என்றால் தீப்பிடிக்காதா என்று ஒரு கட்சி. படிவம் தமிழிலா ஆங்கிலத்திலா என்று ஒரு கட்சி. என்னிடம் எல்லோருமே ஒன்றைத்தான் சொன்னார்கள்: “ஒங்க மேல என்ன தப்பு இருக்கு?” இருபத்திரண்டு பேர் சொன்னார்கள். அது கேள்வியாகத்தான் இருந்தது. பதிலுக்கு ஒருவரும் நிற்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

அலமாரியில் மசாலா டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினேன்.

காலையில் ராயப்பன் மனைவி மரியதங்கம் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லக்கூடாது என்று கிளாட்சன் உத்தரவு.

“அம்மா, அவுக ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான வந்தாவ? மோட்டார் வயர்ல ஒட்டு இருக்கு, சனிக்கிழம அஞ்சு மணிக்குப் புது வயர் கொண்டாந்து மாத்தித் தாரேன், அதுவரைக்கும் சுவிட்சத் தொட்டுராதீங்கன்னு?”

“வக்கீல் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.”

“நீங்க வக்கீல்ட்ட பேச வேண்டாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

நான் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

“அன்னைக்கி அஞ்சு மணிக்குப் புது வயரும் கையுமாத்தாம்மா வந்தாவ. கூட்டத்தப் பாத்துட்டு செபமாலைக்குன்னு நெனச்சிருக்காவ. அந்த வயரோடயே ஜீப்புல ஏத்திட்டாங்க.” கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ராத்திரி தூங்க மாட்டேங்காவ. ‘அந்த ஒட்ட நான் போட்டிருக்கக் கூடாது, கெபியே கட்டியிருக்கக் கூடாது’ன்னு அதையேதான் சொல்லிட்டு இருக்காவ. செஞ்ச தப்ப அவுக இல்லங்கல. செய்யாததுக்குத்தான் கேக்கேன்.”

அவள் சேலையின் கீழ்க்கரை பிரிந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஊசி நூல் கூடவா இருக்காது ஒரு வீட்டில் என்று நினைத்தேன். அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மல்லி டப்பா, மிளகாய் டப்பாவைவிட அரை அங்குலம் குட்டை. மறுபடி அடுக்கினேன்.

அக்டோபர் 25, வெள்ளி

கிளாட்சன் வந்தான். வழக்கில் ஒரு ஓட்டை இருக்கிறதாம்.

“பெரியம்மா, ராயப்பனோட வக்கீல் சும்மா இருக்க மாட்டான். சுவிட்சப் போட்டது யாருன்னு கேப்பான்.”

“அது—”

“சொல்லிராதீங்க!” காதைப் பொத்திக்கொண்டான். “எனக்குத் தெரிஞ்சா நான் தெரியாத மாதிரி நடிக்கணும். எனக்கு நடிப்பு வராது. பிள்ளையே போட்டிருக்கலாம். காத்துல தானா விழுந்திருக்கலாம்.”

“சுவிட்ச் காற்றில் விழாது. என் தோள் உயரத்தில் இருக்கிறது. பிள்ளைக்கும் எட்டாது.”

“இப்பிடிப் பேசாதீங்கங்கேன். கோர்ட்டுல ஒங்ககிட்ட கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லணும். அவ்வளவுதான். ஞாபகம் இல்லைங்கறது குத்தம் கிடையாது. ஆனா ஞாபகம் இல்லாத ஆளுதான்னு காட்ட ஒரு டாக்டர் சர்டிபிகேட் வேணும்.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான்.”

எழுபத்தாறு வருஷத்தில் என்னைப் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். திமிர் பிடித்தவள், அடங்காதவள், புருஷனைப் பேசவிடாதவள். மறதிக்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

“ராயப்பனுக்கு என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“அஞ்சு வருஷம் வர போடலாம். அவ்வளவு போட மாட்டாங்க. ஒரு ரெண்டு வருஷம்.” டீயை உறிஞ்சினான். “அவனுக்கென்ன பெரியம்மா, பழகிரும்.”

அக்டோபர் 28, திங்கள்

ஞாபக டாக்டர் சின்னப் பையன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. முதலில் தேதி கேட்டார். தேதி, கிழமை, புனிதர் திருநாள் எல்லாம் சொன்னேன். அன்று புனித சீமோன், யூதா திருநாள். அவருக்கு அது தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து தடவை போதும் என்றார். தொடங்கியதைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை, இரண்டு வரைக்கும் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார். ரோமன் எண்களா, சாதாரண எண்களா என்று கேட்டேன். முகம், செருப்பு, கோவில் என்று மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்டார். சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த அவருடைய பட்டச் சான்றிதழின் எண்ணையும் சேர்த்துச் சொன்னேன்.

முப்பதுக்கு முப்பது. “என் சர்வீஸ்ல இப்பதாம்மா பாக்குறேன்” என்று எழுந்து நின்று கைகொடுத்தார்.

காரில் கிளாட்சன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். “ஒரே ஒரு பதில தப்பாச் சொல்ல வராதா பெரியம்மா?”

“பழக்கமில்லை.”

அங்கிருந்து இன்னொரு டாக்டரிடம் அழைத்துப் போனான். பெரியவர்; கிளாட்சன் வழக்கு நடத்தும் கட்சிக்காரர். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பிறந்த வருஷத்தைப் பார்த்தார், எழுதினார்: ‘முதுமை மறதி, ஆரம்ப நிலை.’ அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எழுதும்போது கை நடுங்கியது அவருக்குத்தான்.

சாயங்காலம் கிளாட்சன் வந்து ஸ்டேஷனில் கொடுக்க வாங்கிக்கொண்டு போனான். நான் கொடுத்தேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். என் கணவர் கல்லறைக்குச் சாமந்தி வைத்தேன். ரோசலிந்துக்கு வெள்ளை ரோஜா. ஜோவனுடையதற்கு இன்னும் கல் கட்டவில்லை. மண் மேட்டைச் சுற்றி ஷெரின் கிளிஞ்சல்களைப் பதித்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸ் கப்பலிலிருந்து வந்துவிட்டான். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று கிளாட்சன் சொல்லியிருந்தான். அவளும் ரெக்ஸும் ராயப்பன் மேல்தான் புகார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். ரெக்ஸ் போட்டுவிட்டான். ஷெரின் பேனாவைத் தொடவில்லை.

அவளே எழுந்து வந்தாள். கையெல்லாம் மண்.

“பெரியம்மா, அவன் என்ன செஞ்சிட்டிருந்தான்?”

“நான் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போயிருந்தேன்.”

“அது தெரியும். ரெண்டு மணிக்கு விட்டுட்டுப் போனேன். மூணேகாலுக்கு அவன் இல்ல. நடுவுல ஒண்ணேகால் மணி நேரம் இருக்குல்லா? அதத்தான் கேக்கேன். என்ன சாப்ட்டான், என்ன பேசினான், என்னத் தேடினானா? போலீஸ்ட்ட கேட்டா பால் காய்ச்சினீங்கன்னு சொல்லுதாவ. கிளாட்சன் அண்ணன்ட்ட கேட்டாலும் பால். ஃபாதர்ட்ட கேட்டாலும் பால். ஒருத்தருக்கும் எம்புள்ளயத் தெரியல.”

கிளாட்சன் எங்கிருந்தோ ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தான். “பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்ல ஷெரின். பெறவு பேசலாம்.”

நான் நடந்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. உரக்கவெல்லாம் இல்லை.

“ஜோவன் பால் குடிக்க மாட்டான் பெரியம்மா.”

நவம்பர் 3, ஞாயிறு

ஜோவன் பால் குடிக்க மாட்டான். எனக்கு அது தெரியும். கிளாட்சனுக்குத்தான் தெரியாது.

பூசைக்குப் போகவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து இது முதல் தடவை.

நவம்பர் 5, செவ்வாய்

பத்து மணிக்கு ஷெரின் வீட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரர் ஐந்தாவது தெருவை ஆறாவது தெரு என்று சாதித்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை, இறங்கி நடந்தேன்.

கதவைத் திறந்தது ரெக்ஸ். பின்னால் ஷெரின். உள்ளே வாருங்கள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். உள்ளே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் என்னால் சொல்ல முடியாது. எனக்கு என்னைத் தெரியும்.

“சுவிட்சைப் போட்டது நான்,” என்றேன். “தொடாதீர்கள் என்று ராயப்பன் சொல்லியிருந்தார். தெளிவாகச் சொன்னார், இரண்டு தடவை சொன்னார். மூன்று மணிக்கு ஃபுளோரா வாசலுக்கு வந்தாள். தண்ணீர் ஓடுவதை அவள் பார்க்க வேண்டும் என்று போட்டேன். போட்டுவிட்டு வாசலில் நின்று அவள் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை உள்ளே தனியாக இருந்தான். நான் பால் காய்ச்சவில்லை.”

ரெக்ஸின் கை உயர்ந்தது. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்தக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஷெரின் முன்னால் வந்து கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

நவம்பர் 6, புதன்

காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பேச்சிமுத்து கேட்டுக்கொண்டே இட்லியைத் தின்று முடித்தார்.

“அம்மா, குற்றப்பத்திரிகை டைப் அடிச்சாச்சு. நாளைக்கு கோர்ட்டுக்குப் போவுது.”

“அது தவறு.”

“ஒங்களுக்கு மறதின்னு நீங்களே சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க.” ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டினார். அதே நான்கு மடிப்பு. “வயசான காலத்துல இப்பிடித்தாம்மா தோணும். எங்க ஆச்சிகூட, எங்க தாத்தா செத்ததுக்குத் தான்தான் காரணம்னு சொல்லிட்டே இருக்கும். அவரு பஸ்ல அடிபட்டாரு.”

“நான் மறதிக்காரி இல்லை.”

“மறதிக்காரங்க எல்லாரும் அதத்தாம்மா சொல்லுவாங்க.”

கிளாட்சன் வந்துவிட்டான், யார் போன் செய்தார்களோ. “பெரியம்மா, போலீஸ்ட்ட நீங்க ஒத்துக்கிட்டாலும் கோர்ட்டுல அது செல்லாது. சட்டமே அப்பிடித்தான். வீணா ஆட்டோ காசு.” பேச்சிமுத்து மிசஸ் மச்சாடோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “நான் வரவே இல்ல சார், தூங்கிட்டு இருந்தேன். பாவம், அக்காவுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. நாங்க அன்பியத்துல செபம் பண்ணிட்டுத்தான் இருக்கோம்.”

எல்லோருமே என்மீது அவ்வளவு அன்பாக இருந்தார்கள். கான்ஸ்டபிள் பெண் ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்தாள். ஒரு மனிதன் சிறைக்குப் போகப்போகிறான், நான் உட்கார்ந்து காற்று வாங்குகிறேன். சத்தம் போட்டேன். என் வாழ்நாளில் பொது இடத்தில் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடப் போட அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடிக்கொண்டே போனது.

அப்போது ஷெரின் உள்ளே வந்தாள். தனியாக. என் பக்கம் பார்க்கவில்லை. மேசைக்கு எதிரில் போய் நின்றாள்.

பேச்சிமுத்து எழுந்துவிட்டார். “நீங்க ஏம்மா வந்தீங்க? ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க பெரியம்மாவுக்கு இந்த மறதி எவ்வளவு நாளா?”

“எங்க அம்மா செத்து பதினோரு வருஷம் ஆச்சு சார்,” என்றாள் ஷெரின். “அவ சின்னப் புள்ளயில எத்தன நாள் ஸ்கூலுக்குப் பிந்திப் போனான்னு இவங்க இப்பமும் தேதியோட சொல்லுவாங்க. எங்கம்மா சாகக் கெடக்கும்போதும் சொன்னாங்க. எங்க பெரியம்மா எதையும் மறக்கமாட்டாங்க. நான் எழுதிக் குடுக்கேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன். இவங்க சொல்லுதத எழுதுங்க.”

“ஷெரின், ஒனக்குச் சட்டம் தெரியாது—” என்றான் கிளாட்சன். அவள் அவனையும் பார்க்கவில்லை.

பேச்சிமுத்து டைப் அடித்த தாள்களைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பன்னிரண்டு பக்கம். “எல்லாத்தயும் மறுபடி அடிக்கணுமே,” என்று பெருமூச்சு விட்டார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டார். “ராயப்பனுக்குப் போனப் போட்டு வரச் சொல்லு. அம்மா சொல்லுதத எழுது.”

நான் சொன்னேன். இரண்டு ஐந்துக்கு ஜோவன் வந்தான். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். மலை வாழைப்பழம் ஒன்று கொடுத்தேன். பாதி தின்றான், மீதியை மாதாவுக்கு என்று சுரூபத்தின் காலடியில் வைத்தான். அது பழம் வைக்கிற இடமில்லை என்று எடுத்துவிட்டேன். அம்மா எப்போது வருவாள் என்று மூன்று தடவை கேட்டான். சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் எங்கே வந்தால் அம்மா வருவாள் என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு முள்ளைப் பார்த்தான்.

ரைட்டர் நிமிர்ந்தார். “இதெல்லாம் கேசுக்குத் தேவையில்லம்மா.”

“எழுதுங்க,” என்றாள் ஷெரின்.

மூன்று மணிக்கு சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் இறங்கியது. நாற்காலியிலிருந்து குதித்துக் கைதட்டினான். ‘பெரியாச்சி, மாதா வீட்டுக்குத் தண்ணி வந்துட்டு, கொடத்த எடுங்க!’ என்றான். குழாயில் தண்ணீர் வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். நான் சிரிக்கவில்லை. தொடாதே என்றும் சொல்லவில்லை. சொன்னதாக எழுதிக்கொள்ளலாம் என்று இந்த மூன்று வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்; சொல்லவில்லை. ஃபுளோரா கேட்டருகில் நின்றாள். நான் வாசலுக்குப் போனேன்.

ஷெரின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஒங்களக் கூப்ட்டானா?”

“கூப்பிட்டான்.”

“எத்தன தடவ?”

“இரண்டு தடவை. ‘வாரேன்’ என்றேன். போகவில்லை.”

ரைட்டரின் பேனா நின்றது. அவர் பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து மேசையைப் பார்த்தார்.

“அதையும் எழுதுங்க,” என்றாள் ஷெரின்.